கண் விழும் இடம்

கூரம்பின் என்ற சிற்றூரின் தீவன ஆலையில் வியாழக்கிழமைதோறும் வெல்லப்பாகு காய்ச்சுவார்கள். மாட்டுத் தீவனத்தில் ஊற்றிப் பிசைவதற்கு. காலை பத்து மணிக்கெல்லாம் அந்த வாசம் ஊரை மூடிவிடும். மழைக்காலத்தில் அது பசியைக் கிளப்பும். அங்கே உச்சக் கோடையான பிப்ரவரி வெயிலில் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். நாற்பத்திரண்டு டிகிரி. நோரீன் ஸ்கல்லி எல்லா ஜன்னல்களையும் அடைத்து, திரைகளை இழுத்துவிட்டு, சமையலறை மேசையில் கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். அடைத்த வீட்டுக்குள்ளும் தவிட்டுத் தூசி வந்து விசைப்பலகையில் படிந்தது. வீடு ஆலையினுடையது. வேலியிலிருந்து நாற்பது அடி. பதினொரு வருடமாக அவள் புருஷன் கெல் ஆலையில் கலவை எந்திரம் ஓட்டுகிறான். அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் ஆலைக் கடையின் கவுண்டரில் வேலை, வியாழக்கிழமை வீட்டிலிருந்தே ஆலையின் வார மடல் தயாரிப்பது.

மடல் மாலை ஆறு மணிக்குப் போகும். அறுநூற்று நாற்பது பேருக்கு, மின்னஞ்சலில். பண்ணைக்காரர்கள் வேலை முடித்து, பூட்ஸைக் கழற்றி, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரம் அது.

அவள் பொறுப்பேற்பதற்கு முன் அந்த மடலைப் பார்க்கவே சகிக்காது. ஆலையின் சின்னம் பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே மூன்று பத்திகள் அக்கம்பக்கமாக, ஐந்து நிறத்தில். ஒருநாள் கவுண்டரில் பண்ணைக்காரர் மெர்வ் டாப்செல் அதைக் கைப்பேசியில் திறந்ததை நோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்துப்போன கட்டைவிரலால் இரண்டு தடவை தள்ளினார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மெர்வ், நீங்க கேட்ட உப்புக்கட்டி வந்தாச்சுன்னு அதுலயே போட்டிருக்கே."

"எங்க?" என்றார் மெர்வ்.

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் அவள் கற்றுக்கொண்டாள். வகுப்புக்குப் போகவில்லை. கண்ணாடி கீறிய பழைய கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு நடுமத்தியானத்தில் பின்பக்கம் சாமான் ஏற்றும் தட்டு வைத்த யூட் வண்டிக்குள் உட்காருவாள். மடலைத் தனக்கே அனுப்பிப் பார்ப்பாள். சாம்பல் எழுத்து வெயிலில் கரைந்துபோகிறது என்று அங்கேதான் தெரிந்தது. படத்துக்குள் எழுதிய வார்த்தை, கைப்பேசிக் கோபுரம் சரியாக எட்டாத பண்ணைகளில் வெறும் காலிப் பெட்டியாகத்தான் போய்ச் சேரும் என்பதும். ஒரே பத்தி, வெள்ளையில் கறுப்பு, மேலே ஒரே ஒரு சேதி பெரிய எழுத்தில், அதைச் சுற்றித் தாராளமாக வெற்றிடம். அழுத்துவதற்கு ஒரு பொத்தான், அதுவும் கட்டைவிரல் அகலத்துக்கு. "இவ்வளவு இடத்தச் சும்மா விட்டிருக்கியே, ஏதாவது போட்டு நிரப்பேன்" என்று ஆலையில் கேலி பண்ணினார்கள். அந்தச் சும்மா இடம்தான் கண்ணை இழுத்துக்கொண்டு போய்ச் சேதியில் விடுகிறது என்று அவர்களுக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு கவுண்டருக்கு வருகிறவர்கள் "மடல்ல பார்த்தேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒன்றரை மணிக்கு, ஈ வராமல் வலை அடித்த ஈவலைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"உள்ள வரலாமா?" என்று வாரிக் டன்ஸ்டன் உள்ளே வந்துவிட்டுத்தான் கேட்டான். ஆலை மேலாளர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அந்தப் பழக்கத்தில் இருவருக்கும் நீ, வா, போ தான். தொப்பியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தான். நெற்றியில் தொப்பி அழுத்திய சிவப்புக் கோடு.

"டீ போடவா?"

"வேணாம். ஒரு சின்ன விஷயம், இந்த வார மடல்ல சேக்கணும்." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

நோரீன் படித்தாள். பிப்ரவரி ஆறாம் தேதி தயாரான குதிரைக் கலவையில் ஒரு தொகுதி தரச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. மூட்டை வைத்திருப்பவர்கள் விரும்பினால் திருப்பித் தரலாம். மறுபடியும் படித்தாள்.

"விரும்பினாலா?"

"ம்."

"என்ன ஆச்சு வாரிக்?"

அவன் தொப்பியின் விளிம்பை நெருடினான். "செவ்வாக்கிழமை கால்நடை டாக்டர் போன் பண்ணாரு. லோரிமர் பண்ணைல ரெண்டு குட்டைக்குதிரை விழுந்துடுச்சு. மிச்சத் தீவனத்த சோதனைக்கு அனுப்பினாங்க. இன்னிக்குக் காலைல முடிவு வந்துது. மாட்டு மருந்து கலந்திருக்கு. கொஞ்சந்தான்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"என்கிட்ட கேக்காத."

கேட்கத் தேவையும் இல்லை. ஆலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். மாட்டுக்குத் தெம்பு கொடுக்கிற அந்த மருந்து, ஒரு சிட்டிகை போனால் குதிரையின் இதயத்தைச் சிதைத்துவிடும். அதனால்தான் குதிரைக் கலவை போடுவதற்கு முன் எந்திரத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள்.

"அப்போ இது மேல வரணும். இது மட்டுந்தான் வரணும்."

"கீழ."

"எத்தன மூட்டை போயிருக்கு?"

"அறுபது சொச்சம். கவுண்டர்ல வந்து தூக்கிட்டுப் போனவங்க. யாரு யாருன்னு பேரு இல்ல." அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "நோரீன், நான் சொல்லாம விடச் சொல்லல. சொல்லிட்டோம்னு இருக்கணும். அவ்வளவுதான். மேல பண்ணைக்காரங்க கூடுற கள நாள் அழைப்பு, போட்டோவோட. கீழ ஆலை முகவரி போடுவியே, மடல் வேணாம்னா இங்க அழுத்துங்கன்னு ஒரு வரி வருமே, அதுக்குப் பக்கத்துல இத வச்சிடு. சாம்பல் எழுத்துல."

"சாம்பல் வெயில்ல தெரியாது."

"தெரியும்" என்றான் வாரிக்.

எது தெரியும் என்கிறான் என்று அவள் கேட்கவில்லை. குளிர்விப்பான் மேலே கடகடத்துக்கொண்டிருந்தது.

"ஆறாந்தேதி மிக்சர்ல நின்னது யாருன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல" என்றான் எழுந்துகொண்டே. "சுத்தம் பண்ணியாச்சுன்னு தாள்ல கையெழுத்து யாரோடதுன்னும் சொல்லல. சொல்ற நிலைமை வராம பாத்துக்கலாம். நாலு மணிக்கு எனக்கு ஒண்ணு அனுப்பு, பாத்துட்டு சரின்னு சொல்றேன்."

ஈவலைக் கதவு அவன் பின்னால் இரண்டு தடவை அடித்து அடங்கியது.

மூன்று மணிக்குக் கெல் வந்தான். புருவம் வரைக்கும் மாவு. பின்வாசலில் பூட்ஸைத் தட்டினான், குழாயில் தலையைக் காட்டினான், ஈரம் சொட்ட வந்து உட்கார்ந்தான். அவள் குளிர்ந்த உப்பிறைச்சித் துண்டுகளையும் டின் பீட்ரூட்டையும் ரொட்டியையும் தட்டில் வைத்தாள். அவன் முள்கரண்டியைத் தொடவில்லை.

"வாரிக் வந்தானா?"

"வந்தான்."

"சொன்னானா?"

"நீ சொல்லு."

கெல் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மாட்டுக் கலவை முடிஞ்சதும் வெறும் தவிட்ட ஒரு சுத்து ஓடவிட்டு, அத எடுத்துக் கொட்டிடணும். இருபது நிமிஷம். அன்னிக்கு லாரி வாசல்ல நின்னுச்சு. வாரிக் மேல நடைபாலத்துல நின்னு கைய இப்படிச் சுத்திக் காட்டினான். ஓட்டு, ஓட்டுன்னு. ஓட்டினேன்."

"கையெழுத்து?"

"வாரத்துக்கும் சேத்து வெள்ளிக்கிழமை மொத்தமா போடுறதுதான். எல்லாரும் அப்படித்தான் போடுறோம்."

"அவன் கையச் சுத்தினது எந்தத் தாள்லயும் இல்ல."

"இல்ல."

வெளியே ஆலையின் அரவை நின்று மறுபடி பிடித்தது. அந்தச் சத்தம் நின்றால்தான் அந்த வீட்டில் காது கேட்கிறது என்று தெரியும்.

"கீழ போட்டா என்ன?" என்றான் கெல். "படிக்கிறவன் கீழ வரைக்கும் போய்ப் படிப்பான்ல?"

"படிக்க மாட்டான் கெல். படிக்காத மாதிரி பண்ணப்போறதே நான்தானே."

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது?"

"எனக்கு ஐம்பத்தி ரெண்டு வயசு நோரீன். அடுத்த ஆலை இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. தாள்ல பொய்க் கையெழுத்துப் போட்டவன அவங்க வாசல்லயே நிறுத்துவாங்க. இந்த வீடும் நம்மது இல்ல." பீட்ரூட் சாறு ரொட்டியில் ஊறிச் சிவந்துகொண்டிருந்தது. "நீ பாட்டுக்கு அவன் சொன்னத போடு. நான் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவள் தட்டை எடுத்து, மேலே ஒரு துணியை மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள்.

நன்றாகவே செய்தாள். அதுதான் பின்னாளில் அவளுக்கு நினைக்கும்போதெல்லாம் கூசியது. கள நாள் படங்கள் நாற்பது இருந்தன. வைக்கோல் கட்டின்மேல் நிற்கிற நாய் ஒன்று இரண்டு படத்தில் இருந்தது. ஒன்றில் அது கீழே பார்த்தது. இன்னொன்றில் வலப்பக்கம், அழைப்பு வாசகம் இருக்கும் திசையில். படத்தில் இருக்கிற முகம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் மனிதர்களின் கண்ணும் போகும். இரண்டாவதை எடுத்தாள். அதன் கீழே மஞ்சளில் பெரிய பொத்தான்: பெயர் கொடுங்கள். அதை அழுத்தினவன் வேறு பக்கத்துக்குப் போய்விடுவான்; திரும்பி வரமாட்டான். அதற்குக் கீழே குலுக்கல் பரிசு, வைக்கோல் நிலவரம். ஒரு நீளக் கோடு, மடல் முடிந்துவிட்டது என்று நினைக்கவைக்க. கோட்டுக்குக் கீழே, முகவரியோடு முகவரியாக, சாம்பலில் வாரிக்கின் இரண்டு வரி. அவள் இதுவரை செய்த மடல்களிலேயே அதுதான் அழகாக இருந்தது.

நாலு மணிக்கு அனுப்பினாள். நாலு ஐந்துக்குப் பதில் வந்தது. *அருமை. ஆறு மணிக்கு விட்டுடு.*

துணி காய்ந்திருக்கும். கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வெயில் சாய்ந்தும் தரை கொதித்தது. கொடியிலிருந்து எடுத்த போர்வையெல்லாம் ஆலைத் தூசி ஏறி மறுபடி துவைக்கிற மாதிரி இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து கெல்லின் குரல் கேட்டது. தணிந்த குரல்.

"பெவ், நீலக்கோடு போட்ட குதிரைக் கலவை மூட்டை ஏதாவது வச்சிருக்கியா?… எத்தன?… சீட்டுல நம்பர் பாரு. பாத்துட்டு வா, நான் இருக்கேன்." நீண்ட இடைவெளி. "அதேதான். போடாத. ஒரு பிடி கூடப் போடாத. பிரிச்சிட்டியா?… நல்லவேளை. எதுக்குன்னு கேக்காத. யார்கிட்டயும் சொல்லவும் சொல்லாத, சரியா?"

பெவ் அவன் அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆறு குதிரை வைத்திருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கிறவள்.

கெல் தொட்டியைச் சுற்றி வந்தவன் அவளைப் பார்த்து நின்றுவிட்டான். நோரீன் வாயில் துணிக்கவ்வி. அதை எடுத்துக் கூடையில் போட்டாள்.

"மூணு மூட்டை வச்சிருந்தா" என்றான்.

"இப்போ?"

"குழி வெட்டிப் புதைக்கிறேன்னா."

"நல்லது."

"என் அக்கா நோரீன்."

"அக்காதான். யாரு இல்லைன்னா?" அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "மத்த அறுநூத்திமுப்பத்தொம்போது பேருக்கும் தம்பி யாரு கெல்?"

அவள் உள்ளே போனாள்.

ஐந்து இருபது. நாயை அழித்தாள். பொத்தானை, குலுக்கலை, வைக்கோலை, கோட்டை, ஆலையின் சின்னத்தையும் அழித்தாள். திரை வெள்ளையாக நின்றது. அந்த வெள்ளையில் பெரிய கறுப்பு எழுத்தில் அடித்தாள்: *நீலக்கோட்டு மூட்டையைக் குதிரைக்குப் போடாதீர்கள்.* கீழே கொஞ்சம் சின்னதாக: *சீட்டில் 0602 என்று இருந்தால் அது விஷம். ஏற்கெனவே தின்றிருந்தால் குதிரையை நடக்கவிடாமல் உடனே கூப்பிடுங்கள்.* மூட்டைச் சீட்டின் படம் ஒன்றைப் போட்டாள். படம் போய்ச் சேராதவர்களுக்காக அந்த எண்ணை எழுத்திலும் வைத்தாள். ஒரே பொத்தான், சிவப்பு. அதை அழுத்தினால் அவள் கைப்பேசிக்கு வரும். வேறு எந்த எண்ணைப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைப்பு வரியில் ஆலையின் பெயரைக்கூடப் போடாமல் அந்த முதல் வாக்கியத்தையே போட்டாள். திறக்காதவனும் அதைப் படித்துவிடுவான்.

பழைய கைப்பேசியை எடுத்துக்கொண்டு யூட்டுக்குப் போனாள். இருக்கை தொடையைச் சுட்டது. மேற்கு வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்தது. கீறல் விழுந்த திரையிலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

கெல் வந்து வண்டியின் கதவில் கையை ஊன்றினான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் எழுத்துக்கூட்டுகிறவன் மாதிரி உதட்டை அசைத்துப் படித்தான்.

"என் பேரு இல்ல."

"இல்ல."

"நாளைக்கு வந்துடும்."

"வந்துடும்."

"அனுப்பிட்டா திரும்ப எடுக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"வேணாம் நோரீன். ஒவ்வொருத்தரா தேடிப் பிடிச்சு போன்ல சொல்லலாம். நான் சொல்றேன். ஒரு வாரம் குடு."

"ராத்திரித் தீவனம் ஆறரைக்குப் போடுவாங்க கெல்."

அவன் கையை எடுத்துவிட்டான். அவள் வீட்டுக்குள் நடந்துபோய், நின்றுகொண்டே அனுப்பினாள். மணி ஐந்து நாற்பத்தொன்று. கெல் வேலியோரம் போய் ஆலையைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றான். போவதற்கு அங்கே வேறு இடமும் இல்லை.

முதலில் வந்தது வாரிக்கின் அழைப்பு.

"என்ன பண்ணி வச்சிருக்கே? நான் சரின்னு சொன்னது இதையா?"

"இல்ல."

"விஷம்னு போட்டிருக்கே! விஷம்னு!"

"வேற வார்த்தை இருந்தா சொல்லு."

"கடவுச்சொல்ல மாத்திட்டேன். இனிமே உன்னால உள்ளயே போக முடியாது."

"மாத்திக்கோ. எல்லாருக்கும் போயாச்சு."

"உன் புருஷன நீயே குழில தள்ளிட்டே. புரியுதா? வீட்டையும் சேத்து."

"வை வாரிக், வேற யாரோ கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டாள். நிஜமாகவே வேறு யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்து மைல் தள்ளி ஒரு பண்ணையில் இருக்கிற பெண் ஒருத்தி. மூச்சு வாங்கியது அவளுக்கு. "டிராக்டர்ல இருந்தேம்மா. சும்மாதான் எடுத்துப் பார்த்தேன். கண்ணுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு வாளியோட தொழுவத்துக்குப் போய்க்கிட்டு இருக்காரு. கத்தறேன், கத்தறேன், இஞ்சின் சத்தத்துல கேக்கல. குறுக்க வண்டிய விட்டுட்டேன்."

"போடலையே?"

"போடல. வாளியத் தட்டிவிட்டேன். அந்தாளு இப்போ என்னத் திட்டிக்கிட்டு இருக்காரு."

பிறகு ஒருவர் சீட்டு கிழிந்துபோயிற்று, எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். ஒருவர் பசுவுக்குப் போடலாமா என்றார். ஒருவர் ஆலையை மூடவேண்டும் என்று அவளைப் பிடித்துக் கத்தினார், அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டுத் தொலைபேசியும் அடிக்க ஆரம்பித்தது. ஒரு தாளில் பண்ணைப் பெயரையும் மூட்டைக் கணக்கையும் கிறுக்கிக்கொண்டே போனாள்.

பின்னால் அரசாங்க ஆய்வாளர் வந்து பார்த்தபோது அந்தத் தாளைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார். இருபத்து மூன்று பண்ணைகளிலிருந்து ஐம்பத்தொரு மூட்டை திரும்பி வந்தது. அதற்கு முன்பே தின்றுவிட்ட குதிரைகளில் மூன்று செத்தன. நடைபாலத்தில் நின்று கையைச் சுற்றியதை வாரிக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஏப்ரலில் ஸ்கல்லிகள் வீட்டைக் காலிசெய்தார்கள். ஆலையில் கூட வேலை செய்தவர்களில் இரண்டு பேர்தான் சாமான் ஏற்ற வந்தார்கள். நோரீன் கடைக்குப் போனால் சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அந்த மாலை இதொன்றும் அவளுக்குத் தெரியாது. ஆறே முக்காலுக்குப் பன்னிரண்டாவது அழைப்பு வந்தது. வயதான குரல், ரொம்ப நிதானமாக.

"ஐவி போல்கிங்ஹார்ன் பேசறேன். டின்னெட் சாலையில இருக்கேன். என் குதிரை காலைல அந்த மூட்டையத்தான் தின்னுச்சு. இப்போ நிக்குது, ஆனா வேர்த்து ஊத்துது. பின்னங்கால் ஆடுது. நான் ஒருத்திதான் இருக்கேன். என்ன பண்ணட்டும்?"

மூட்டை, சீட்டு, எண் எல்லாம் நோரீனுக்குத் தெரியும். நடக்கவிடக் கூடாது என்பதற்கு மேல் குதிரையைப் பற்றித் தெரியாது. "ஒரு நிமிஷம்மா" என்றாள். மறுபடியும் "ஒரு நிமிஷம்" என்றாள்.

ஈவலைக் கதவு திறந்தது. கெல் எவ்வளவு நேரமாக வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தானோ தெரியாது. மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டினான். அவள் கைப்பேசியைக் கொடுத்தாள்.

"நடக்க விடாதீங்க" என்றான் கெல். "லாயத்துக்குக் கூட்டிட்டுப் போகவும் வேணாம். எங்க நிக்குதோ அங்கயே நிக்கட்டும். நிழல் இருக்கா அங்க?… சரி. தண்ணிய பக்கத்துல வைங்க. தீவனம் எதுவும் கண்ணுல காட்டாதீங்க. டாக்டர இந்த நிமிஷமே அனுப்பச் சொல்றோம்." நோரீனைப் பார்த்துத் தலையசைத்தான், அவள் ஏற்கெனவே வீட்டுத் தொலைபேசியில் கால்நடை டாக்டரின் வீட்டு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். "அவர் வர்றவரைக்கும் நான் வைக்க மாட்டேன். நீங்களும் வைக்காதீங்க."

"நீங்க டாக்டரா?" என்று கேட்டது குரல். அந்த அமைதியில் நோரீனுக்கே அது கேட்டது.

"இல்லம்மா." கெல் ஒரு கையால் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கெல் ஸ்கல்லி. அந்தக் கலவையப் போட்டவன் நான்தான். சுத்தம் பண்ணாம ஓட்டினேன்."

மறுமுனையில் தூரத்தில் எங்கோ ஒரு வாளி உருளும் சத்தம். குதிரை மூச்சை ஊதியது. அந்த அம்மா வைத்துவிடுவாள் என்று நோரீன் நினைத்தாள்.

"சரி கெல்" என்றாள் ஐவி. "அது முன்னங்கால மடக்கப் பாக்குது. படுக்க விடவா, வேண்டாமா, சொல்லு."

கெல் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.